செனான் லைட்டும் கரும்பு டிராக்டரும்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மார்கழி மாதத்தில், திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற வழியில் நடந்தது இது. அப்போது நான் சொந்தமாக ஒரு பழைய டீசல் கார் வைத்து வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். மரக்காணம் பக்கம் உப்பளத்தில் வேலை செய்தேன். அங்கிருந்து லாரியில் கிளீனராக ஏறினேன். கோயம்புத்தூரில் வெல்டிங் பட்டறை, சூரத்தில் துணி மில், பெங்களூரில் ஒரு கட்டடத்துக்குக் காவல் என்று போய்க்கொண்டே இருந்தது. ஒரே ஊரில் சேர்ந்தாற்போல இரண்டு தீபாவளி கொண்டாடியதில்லை. யாரும் துரத்தவில்லை. எனக்கே கால் நிற்காது. இந்தக் கார் வந்த பிறகுதான் திண்டிவனத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். இதையும் விட்டால் இனி புதிதாக ஒரு தொழில் கற்றுக்கொள்கிற வயசு இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது.

எனக்கு நிரந்தரமாக இருந்தது ஒரே ஒரு டிரிப்தான். ஹைவேயிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கிராமத்தில் ஓர் அக்கா. ஐம்பது வயசு இருக்கும். நடவு, களை, கடலைக்காட்டில் மல்லாட்டை பிடுங்குவது என்று கூலி வேலை செய்தவர். இரண்டு சிறுநீரகமும் நின்றுபோய், வாரத்துக்கு இரண்டு நாள் விழுப்புரத்தில் டயாலிசிஸ். காலை ஆறு மணிக்கு மெஷினில் படுக்க வேண்டும். அவருடைய மகன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஆடி மாதத்தில் அவன்தான் என்னைப் பிடித்து ஏற்பாடு செய்தான். விடிவதற்கு முன்னால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். குறுகலான தார் ரோட்டில் கொஞ்ச தூரம் போய் ஹைவேயைப் பிடித்தால், விக்கிரவாண்டி டோல்கேட், அப்புறம் விழுப்புரம்.

முதல் நாளே அவர் பின்கதவைத் திறந்து வைத்த என்னைப் பார்த்துவிட்டு, சுற்றி வந்து முன்சீட்டில் ஏறினார். இரண்டாவது வாரம், காற்றாட இருக்கட்டுமே என்று பின்னால் உட்காரச் சொன்னேன். "பின்னாடி குந்தினா கொமட்டுது தம்பி" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். அவருக்குத் தண்ணீர் குடிக்கக் கணக்கு உண்டு. ஒரு ஈரத் துணியை மடியில் வைத்துக்கொண்டு உதட்டை ஒற்றிக்கொண்டே வருவார். வாய் மட்டும் ஓயாது. ஊர்க் கதை, மகன் கதை, மெஷினில் பக்கத்துக் கட்டிலில் படுக்கும் ஆள் குறட்டை விடும் கதை. என் லாரிக் கதைகளையும் கேட்டு வாங்குவார். நடுநடுவே ரோட்டைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வார். ஆடு. பள்ளம். சைக்கிளு. பேசிக்கொண்டிருக்கும் கதையை நிறுத்தாமலே அதையும் சொல்லிவிட்டுப் போவார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. எந்த டிரைவருக்கும் பிடிக்காது. பயந்த சுபாவம், உடம்பு முடியாதவர் என்று பொறுத்துக்கொண்டேன்.

ஆனால் ஐப்பசி மழை முடிந்த சமயத்திலிருந்து எனக்குள்ளே ஒரு பயம் பிடித்தது. எதிரே வரும் வண்டியின் விளக்கு விளக்காகத் தெரியவில்லை. நூல் நூலாகப் பிரிந்து, சுற்றிலும் பஞ்சு மிட்டாய் சுற்றினாற்போலத் தெரிந்தது. அந்த வண்டி கடந்து போன பிறகு ரோடு திரும்பக் கண்ணுக்கு வர வெகுநேரம் ஆயிற்று. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். வைப்பர் ரப்பரை மாற்றினேன். ஒரு நாள் விடியற்காலையில் அக்கா "ஆளு" என்றார். எனக்கு ஆளே தெரியவில்லை. பிரேக்கை மிதித்துவிட்டேன். வண்டி நின்ற பிறகுதான், பால் கேன் கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் எங்களுக்கு முன்னால், ஒரு கட்டில் தூரத்தில் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கிருந்து விக்கிரவாண்டி வரைக்கும் மூன்றாவது கியரைத் தாண்டவில்லை.

லைட் சரியில்லை, மாற்றப் போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். அவர் வழக்கமாக உடனே பதில் சொல்கிறவர். அன்றைக்கு ஈரத் துணியால் உதட்டை ஒற்றி, அதைத் திரும்ப மடித்து மடியில் வைத்தார். அப்புறம், "மாத்திப் பாரு" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு விளக்குப் பைத்தியம் பிடித்தது. அக்கா மெஷினில் படுத்திருக்கும் நேரத்தில் விழுப்புரத்தில் காருக்கு அலங்காரச் சாமான் விற்கும் கடைகளில் ஏறி இறங்கினேன். ஒரு கடையில் பலகை அடித்து வரிசையாக பல்புகளை மாட்டி வைத்திருந்தார்கள். கடைக்காரர் சுவிட்சை ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார். சாதா பல்பு மஞ்சளாக எரிந்தது. பக்கத்தில் செனான் என்ற பல்பைப் போட்டதும் முதலில் நீலமாக விழித்து, மெல்லப் பெருகி, வெள்ளை வெளேரென்று நின்றது. நாலாயிரத்து முந்நூறு, ஆறாயிரம், எட்டாயிரம் என்று அவர் சொன்னதை நான் விலை என்று நினைத்து எழுந்துவிட்டேன். அது நிறத்தின் எண் என்று சொல்லி உட்கார வைத்தார். எண் ஏற ஏற வெள்ளை போய் நீலம் வருமாம். எது தூரமாகத் தெரியும் என்று கேட்டேன். "எட்டாயிரம் ஸ்டைலுண்ணா, பசங்க போடறது. நீங்க ஆறாயிரம் போடுங்க. பகல்ல ஓட்டற மாதிரி இருக்கும்" என்றார்.

பகல் என்ற அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. பகலில் எனக்கு எந்தக் கஷ்டமும் இல்லையே.

ஆனாலும் உடனே வாங்கவில்லை. திண்டிவனம் கார் ஸ்டாண்டில் விசாரித்தேன். எல்ஈடிதான் இப்போது எல்லாரும் போடுகிறார்கள், செனான் பழசு என்றார் ஒருவர். மலிவு எல்ஈடி ஆறு மாதத்தில் மங்கிப் போகும், செனான்தான் நிற்கும் என்றார் இன்னொருவர். செனான் போட்டு வயர் உருகிப்போன கதையை மூன்றாவது ஆள் சொன்னார். கேட்கக் கேட்கக் குழப்பம்தான் கூடியது. ராத்திரி படுத்தால் ஆறாயிரமா, நாலாயிரத்து முந்நூறா என்றே ஓடியது.

ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருக்கிறார். அவரிடம் காரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் ஹெட்லைட் கண்ணாடியை விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வண்டியைக் கடைச் சுவருக்கு நேராகத் திருப்பச் சொல்லி லைட்டைப் போட்டுப் பார்த்தார். கண்ணாடி கொஞ்சம் மஞ்சள் அடித்திருக்கிறது, பாலிஷ் போட்டு, பல்புக்குக் கரண்ட் முழுசாக வர தனியாக ரிலே வைத்து வயரை மாற்றினால் போதும் என்றார். நான் செனான் என்றதும் தலையை ஆட்டினார்.

"இந்தக் கூடு சாதா பல்புக்கு செஞ்சது. இதுல செனான வெச்சா வெளிச்சம் ரோட்டுல விழாது, எதிர்ல வர்றவன் மூஞ்சிலதான் விழும். அதுவும் மார்கழியில வெள்ளை வெளிச்சம் பனியில பட்டு உன் பக்கமே திரும்பிடும். இன்னொண்ணு, இப்பவே நல்லாத்தானே எரியுது? உனக்கு இன்னா தெரியல?"

தூரம் பத்தவில்லை என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ரிலே வேலை தனக்கு வர வேண்டும் என்று சொல்கிறார் என்று என் மனசுக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உள்ளே வேறொரு எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. கோளாறு விளக்கில் இருக்கிறவரைக்கும்தான் நான் டிரைவர். அது வேறெங்கோ இருந்தால் எனக்கு டிரிப் இல்லை, அறை இல்லை, திரும்பவும் ஏதாவது ஒரு ரயிலில் ஏற வேண்டும். அதனால் கோளாறு விளக்கில்தான் இருந்தாக வேண்டும்.

அடுத்த டயாலிசிஸ் நாளில் விழுப்புரத்திலேயே ஆறாயிரத்தை மாட்டச் சொல்லிவிட்டேன். வேலை இழுத்துக்கொண்டு போனது. பாலாஸ்ட் என்று இரண்டு சின்னப் பெட்டிகள், அதை வைக்க பானெட்டுக்குள் இடம் பார்த்து, வயர் இழுத்து, முடிக்கிறதற்குள் அக்கா மெஷினிலிருந்து இறங்கி, என்னிடம் போனில் கேட்டு, தனி ஆட்டோ பிடித்துக் கடைக்கே வந்துவிட்டார். ரத்தம் சுத்தம் பண்ணிய நாளில் அவர் முகம் பிழிந்த துணி மாதிரி இருக்கும். கடை ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்த போட்டா இவருக்கு நல்லா தெரியுமாப்பா?" என்று கடைக்காரரைக் கேட்டார்.

"இங்கேர்ந்து போட்டா விக்கிரவாண்டி தெரியும் ஆயா."

"ஆயாவா? உங்கம்மாவ இட்டுக்கினு வா. யாரு ஆயான்னு பக்கத்துல நின்னு பாத்துடலாம்."

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

அன்று சாயந்தரம் வெளிச்சம் மங்கும் நேரத்தில் தனியாக ஒரு ஓட்டம் போய்ப் பார்த்தேன். மைல் கல், மரத்தில் அடித்த வெள்ளைப் பட்டை எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அறைக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன். இன்னும் முழுசாக இருட்டவில்லை, பனியும் இறங்கவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த டிரிப் அன்று நல்ல பனி. அக்கா ஏறி, வீட்டுத் தெருவைத் தாண்டி, இருபுறமும் கரும்பு நிற்கிற அந்தத் தார் ரோட்டுக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்தேன். முன்னால் ரோடு இல்லை. வெள்ளைச் சுவர் ஒன்று நின்றது. நான் போகப் போக அதுவும் நகர்ந்தது. பெரிய லைட்டைப் போட்டால் சுவர் இன்னும் கிட்டே வந்தது. டிம் பண்ணினால் கொஞ்சம் தள்ளிப் போனது. கண்ணாடியைத் துணியால் தேய்த்தேன். அக்கா அன்றைக்குக் கதை எதுவும் சொல்லவில்லை. டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். "லெஃப்டு ஓரம் மண்ணு", "வளைவு" என்று வழியை மட்டும் சொன்னார். நான் அவர் சொன்னபடி ஓட்டினேன். நினைத்துப் பார்த்தால், அன்றைக்கு ஓட்டியது அவர்தான். ஸ்டீயரிங் மட்டும் என் கையில் இருந்தது.

எதிரே பால் வண்டி வந்தது. கிராமத்துக்குள் பால் எடுக்க வரும் மினி வேன். லைட்டை இரண்டு தடவை அடித்துக் காட்டினான், டிம் பண்ணு என்று. நான் ஏற்கெனவே டிம்மில்தான் இருந்தேன். மறுபடியும் அடித்தான். என்ன செய்வது என்று தெரியாமல் நான் சுவிட்சைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். அவனுக்கு அது நான் வம்பு பண்ணுவது போல இருந்திருக்கும். தன் பெரிய லைட், கேபின் மேலே இருந்த லைட் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட்டான்.

அதற்கப்புறம் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. கண்ணுக்குள் பஞ்சு அடைத்தது போல இருந்தது. அவனுக்கு வழி விட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. வண்டியை இடது பக்கம் ஒடித்தேன்.

"கரும்பு. கரும்பு வண்டி."

அக்காவின் குரல் கேட்டது. பால் வண்டி சர்ரென்று எங்களைக் கடந்த அதே நொடியில் அவர் தன் வலது கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தன்னிடமிருந்து என் பக்கமாகத் தள்ளினார். நான் பிரேக்கை முழுசாக மிதித்தேன். வண்டி குறுக்காக ரோட்டின் வலது பக்கம் ஓடி நின்றது. இடது பக்கம் பரபரவென்று பெரிய சத்தம்.

கண் திரும்பிய பிறகு பார்த்தேன். ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர். டிரெய்லரில் பின் விளக்கு இல்லை, சிவப்புத் துணி இல்லை, ஒன்றும் இல்லை. கரும்பு பின்னால் ஓர் ஆள் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. எங்கள் கதவையும் கண்ணாடியையும் உரசிவிட்டு அது பாட்டுக்கு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவருக்கு எதுவும் தெரியாது. இடது பக்கத்து சைடு மிரர் இல்லை. அக்காவின் முகத்துக்கு நேரே முன்கண்ணாடியில் கரும்புத் தோகை ஒட்டியிருந்தது. அந்தக் கை மட்டும் ஸ்டீயரிங்குக்கு வராமல் இருந்திருந்தால் அத்தனை கரும்பும் அவர் உட்கார்ந்திருந்த பக்கமாகத்தான் உள்ளே வந்திருக்கும்.

பால் வண்டிக்காரன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான்.

"யோவ், கண்ணாலத்து ஊர்கோலமா போறே? இன்னா லைட்டுய்யா இது? எதிர்ல வர்றவன் ஊடு போயி சேர வேணாமா?"

அக்கா ஜன்னலை இறக்கினார்.

"நீ மட்டும் அகல் விளக்கா போட்டுக்கினு வந்தே? உடம்பு முடியாதவ உள்ள குந்திக்கினு இருக்கேன். போ சாமி, பாலு திரிஞ்சிடப் போவுது."

அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். அக்காவின் கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்திருப்பான் போல. பார்த்துப் போங்க என்று முனகிவிட்டுப் போனான்.

அப்புறம் அக்கா செய்த காரியத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. டயாலிசிஸ் செய்கிறவர்களுக்குக் கையில் ரத்தக் குழாயை ஆபரேஷன் பண்ணி ஊசி போடத் தோதாகத் தடிமனாக்கி வைத்திருப்பார்கள். தொட்டால் உள்ளே மிக்சி ஓடுவது மாதிரி விர்ரென்று அதிரும். அந்த அதிர்வு நின்றுபோனால் அந்தக் கை பயன்படாது. அக்காவுக்கு இடது கை ஏற்கெனவே நின்றுபோயிருந்தது. இருந்தது வலது கை ஒன்றுதான். அந்தக் கையால் ஒரு சொம்புகூடத் தூக்க மாட்டார். பஸ்ஸில் யாராவது இடித்துவிடுவார்கள் என்று பஸ்ஸே ஏறுவதில்லை. அந்தக் கையால்தான் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தள்ளியிருந்தார். இப்போது அதை மெதுவாகத் தூக்கி, மணிக்கட்டுக்கு மேலே காதை வைத்துக் கேட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிளீனராக இருந்தபோது லாரி கவிழ்ந்து அடியில் கிடந்த ராத்திரியில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

"ஓடுது" என்றார்.

லைட்தான் அக்கா, இந்த லைட்தான் என்று ஏதோ ஆரம்பித்தேன்.

"லைட்டு நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே தம்பி? எனக்குக் கரும்பு தெரிஞ்சுது. உனக்கு ஏன் தெரியல?"

கோபமாகச் சொல்லவில்லை. விலை விசாரிப்பது போலக் கேட்டார். அதுவரைக்கும் எத்தனை கடை ஏறி இறங்கினேன், எத்தனை பேரிடம் கேட்டேன். அந்தக் கேள்வியை மட்டும் நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அவரே மேற்கொண்டு பேசினார். "ஆடி மாசத்துலேர்ந்து பாத்துக்கினுதான் வர்றேன். பின்னாடி குந்தினா எனக்கு ஒரு கொமட்டலும் கெடையாது. நீதான் லாரிக் கதையில சொன்னியே, லெஃப்டு சைடு பாக்கறது கிளீனர் வேலைன்னு. அந்த வேலதான் பாத்துக்கினு வர்றேன். சம்பளம் யாரும் குடுக்கல."

நான் நான்கு வருஷம் கிளீனராக இருந்தவன். தூக்கத்தில் கண் சொருகும் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆளு, மாடு, லெஃப்டுல வண்டி என்று விடிய விடியக் குரல் கொடுத்தவன். அதே குரல் எனக்குப் பக்கத்தில் ஐந்து மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அதை ஒரு நோயாளியின் பயம் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மகனிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா வேற டிரைவரப் போடுவான். வர்றவனும் நல்லாத்தான் ஓட்டுவான். நீ எங்க போவே? திரும்பவும் சூரத்தா?" என்றவர், கண்ணாடியில் ஒட்டியிருந்த தோகையைப் பார்த்தார். "ஆனா இன்னிக்கு நானே பயந்துட்டேன். இனிமே என்னால ஆவாது. நீ போய்க் காட்டு."

அங்கிருந்து விழுப்புரம் வரைக்கும் எப்படிப் போனோம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஹைவேயில் ஓரமாக, சைக்கிள் வேகத்தில். அக்கா பேச்சை நிறுத்தவே இல்லை. டோல்கேட் தாண்டும்போது கிழக்கே வெளுத்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவர் லேட்டாகப் போனதற்கு நர்ஸிடம் திட்டு வாங்கினார். என்னைக் காட்டிக் கொடுக்காமல், பனி என்று சொன்னார். பனிதானே, பொய் இல்லை.

அவர் மெஷினில் படுத்ததும் நான் ஒரு கண் ஆஸ்பத்திரி திறக்கும் வரை வாசலில் காத்திருந்தேன். இரண்டு தடவை எழுந்து திரும்பிப் போகப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில்தான் இருந்தது. காரை அப்படியே விட்டு, சாவியை அக்காவிடம் யார் மூலமாவது கொடுத்துவிட்டு ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறிவிடலாம் என்று உண்மையிலேயே நினைத்தேன். அதுதான் எனக்குப் பழக்கப்பட்ட வழி. ஏன் போகவில்லை என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவர் காதை வைத்துக் கேட்ட அந்தக் கைதான் கண்முன்னால் நின்றது.

டாக்டர் அம்மா கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார். பிறகு விளக்கடித்துப் பார்த்துவிட்டு, என்ன வேலை செய்தேன் என்று கேட்டார். உப்பளத்தைச் சொன்னேன். உச்சி வெயிலில் உப்பு கண்ணைப் பறிக்கும், துணியைத் தலையில் கட்டிக்கொண்டு வாருவோம். வெல்டிங்கைச் சொன்னேன். கண்ணாடி போடாமலே எத்தனையோ நாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சர்க்கரையும் பார்க்கச் சொன்னார். இரண்டு கண்ணிலும் புரை. இடது கண்ணில் முற்றியிருந்தது. இந்த வயசிலா என்று கேட்டேன். வயசு ஒரு கணக்கு, உழைப்பு இன்னொரு கணக்கு என்றார். ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும், அதுவரைக்கும் இருட்டில் வண்டியைத் தொடக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

சொட்டு மருந்து விட்டதால் பகலிலும் எனக்குக் கண் கூசியது. எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. தட்டுத் தடுமாறிக் காருக்குத் திரும்பி வந்தேன். அக்கா காருக்குப் பக்கத்தில் நிழலில் உட்கார்ந்து காத்திருந்தார். மருந்து இறங்குகிற வரைக்கும் வண்டி எடுக்க முடியாது என்று சொன்னேன். அவர் என்னையும் தன்னையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "நல்ல ஜோடிதான். ஒண்ணுக்கு ரத்தம் இல்ல, ஒண்ணுக்குக் கண்ணு இல்ல" என்றார். அப்போதுதான் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தோம். இட்லி வாங்கி வந்து சாப்பிட்டோம். மூன்று மணி வரை அங்கேயே இருந்தோம், இருட்டுமுன் வீடு சேர்ந்தால் போதும். அவர் களைத்துப்போய்க் காரின் கதவில் சாய்ந்து தூங்கிவிட்டார். ஈ உட்காராமல் விசிறிக்கொண்டே, அவருடைய மகனுக்கு நானே போன் பண்ணினேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் கம்பெனி மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. கத்துவான் என்று காத்திருந்தேன். "அம்மா கை ஓடுதாண்ணா?" என்று கேட்டான். ஓடுகிறது என்றேன். பிறகு, விடியற்காலை டிரிப்புக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். நியாயம்தான் என்றேன்.

செனானைத் திண்டிவனம் எலக்ட்ரீஷியனிடமே கொண்டுபோய்க் கழற்றினேன். அவர் சாதா பல்பை மாட்டி, கண்ணாடிக்கு பாலிஷ் போட்டுவிட்டு, செனானையும் பெட்டிகளையும் ஒரு பழைய துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார். அதை யாருக்கும் விற்க எனக்கு மனசு வரவில்லை.

தை மாதம் ஒரு கண், பங்குனியில் இன்னொரு கண் ஆபரேஷன் ஆயிற்று. நடுவில் பகல் டிரிப் மட்டும் ஓட்டிக் காலம் தள்ளினேன். கஷ்டம்தான், ஆனால் நான் பார்க்காத கஷ்டம் இல்லை. சித்திரையில் அக்காவே போன் செய்தார். புது டிரைவர் பாட்டைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு வருகிறாராம், அக்காவைப் பேசவே விடுவதில்லையாம். எப்ப வர்றே என்று கேட்டார். மகன் ஒத்துக்கொண்டானா என்று கேட்டேன். அதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். இன்றைக்கும் அந்த டிரிப் என்னிடம்தான் இருக்கிறது. அக்காவின் கையும் ஓடிக்கொண்டிருக்கிறது. திண்டிவனத்துக்கு வந்து மூன்று தீபாவளி ஆகிவிட்டது.

விடியற்காலையில் எதிரே கண்ணைக் குத்தும் வெள்ளை விளக்கோடு ஏதாவது வண்டி வந்தால், ஸ்டாண்டில் மற்றவர்கள் திட்டுவது போல எனக்கு இப்போது திட்ட வருவதில்லை. திமிரில் போடுகிறவர்களும் இருப்பார்கள். ஆனால் அவர்களில் ஒருவனாவது, முன்னால் எதுவும் தெரியாமல், அதை ஒருத்தரிடமும் சொல்லவும் முடியாமல் ஓட்டிக்கொண்டு வருகிறான் என்று தோன்றும். நான் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டி நின்று, அவன் போகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பேன். அவனுக்குப் பக்கத்தில் யாராவது விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமே என்பதுதான் அந்த நேரத்தில் என் மனசில் இருக்கும் ஒரே நினைப்பு.